பளபளப்பான ஸ்பீக்கர் பெட்டியைக் கீறல் விழாமல் துடைப்பதும் பாலிஷ் போடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்த ஒரு ஜோடி கறுப்பு ஸ்பீக்கரை, வாங்கிய இரண்டாவது வாரத்திலேயே கெடுத்தவன் நான். கீழே போடவில்லை, எதிலும் இடிக்கவில்லை. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன ஒரு பழைய டி-ஷர்ட்டால் மேல்பலகைத் தூசியை அழுத்தி ஒரு துடை துடைத்தேன், அவ்வளவுதான். அன்றிரவு மேஜை விளக்கை அந்தப் பக்கம் திருப்பினால், பலகை முழுக்கச் சிலந்தி வலை பின்னியது போல் கோடுகள். அதன்பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை, செய்து பார்த்தவை, மற்றவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை எல்லாம் இங்கே கேள்வி பதிலாக இருக்கின்றன.

துணி மெத்தென்றுதானே இருந்தது. பிறகு எது கீறியது?

துணிக்கும் பெட்டிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தூசி. வீட்டுத் தூசியில் நூலிழையும் தோல் துகளும் மட்டும் இல்லை, மண்ணும் உண்டு. அந்த மண்ணில் குவார்ட்ஸ் துகள்கள் இருக்கும். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. ஜன்னல் கண்ணாடிக்கே சுமார் 5.5 தான். ஸ்பீக்கர் மேலே இருப்பது கண்ணாடிகூட இல்லை, இறுகிய பிசின் படலம். கண்ணாடியைவிட எவ்வளவோ மென்மையானது. துணி எத்தனை மெத்தென்று இருந்தாலும், அதற்கு அடியில் ஒரு மணல் துகள் உருண்டால் அது உளியாகிவிடும்.

அந்தக் கோடுகள் விளக்கைச் சுற்றி வட்ட வட்டமாகத் தெரிவதைப் பார்த்து, "நான் நேராகத்தானே துடைத்தேன், வட்டம் எப்படி வந்தது?" என்று பலர் குழம்புகிறார்கள். கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. விளக்கின் வெளிச்சத்துக்குக் குறுக்கே ஓடுகிற கீறல் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது, மற்றவை மறைந்துகொள்கின்றன. அதனால்தான் வட்டம் போலத் தெரிகிறது. டார்ச்சை மெல்ல நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். கறுப்பில் இந்தக் கோடுகள் வெள்ளையாகத் துலங்கும். வெள்ளைப் பெட்டியிலும் இதே கீறல்கள் விழத்தான் செய்யும், நம் கண்ணுக்குத்தான் படாது.

என் பெட்டியின் பளபளப்பு எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாலிஷ் போடும் எண்ணம் இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆரம்பிக்கவே கூடாது. துடைக்க மட்டும்தான் போகிறீர்கள் என்றால் அவ்வளவு கவலை வேண்டாம்.

விலை உயர்ந்த பெட்டிகளில் பெரும்பாலும் எம்டிஎஃப் பலகை (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) மேல் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன் லாக்கரை, அதாவது காய்ந்து இறுகும் பிசின் பூச்சை, பல அடுக்காக அடித்து, தேய்த்து, பாலிஷ் போட்டிருப்பார்கள். பியானோக்களில் காணும் அதே பாணிதான், 'பியானோ பிளாக்' என்ற பெயரும் அங்கிருந்து வந்ததே. மலிவான பெட்டிகளில் பளபளப்பான வினைல் தாளை ஒட்டியிருப்பார்கள். சிறிய பெட்டிகள் சிலவற்றில் உடம்பே அச்சில் வார்த்த பிளாஸ்டிக்காக இருக்கும். முன்பலகையில் மட்டும் அக்ரிலிக் தகடு பதித்தவையும் உண்டு.

பெட்டியைத் திருப்பிப் பின்பக்க விளிம்பைப் பாருங்கள். தாள் ஒட்டியது என்றால் எங்காவது ஓரிடத்தில் அந்தத் தாள் முடிந்துதான் ஆக வேண்டும். பின்பலகை சேருமிடத்தில் மயிரிழை போல ஒரு சேர்மானம் தெரியும். மூலைகள் உருண்டு, எங்கும் சேர்மானமே இல்லாமல் ஒரே தோலாக ஓடினால் லாக்கர். பிளாஸ்டிக் என்றால் விரல் மூட்டால் தட்டும்போதே சத்தம் சொல்லிவிடும். அச்சின் இணைப்புக் கோடும் ஓரத்தில் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கையேட்டில் ஒரு வரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை, நானும் அந்தக் கோடுகள் விழுந்த பிறகுதான் படித்தேன்.

தினசரித் தூசிக்கு என்ன செய்வது?

முடிந்தவரை தொடாதீர்கள். கேமரா லென்ஸுக்கு ஊதுகிற ரப்பர் பல்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதனால் ஊதுங்கள், மண் துகள்களில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், அதைத் துடைக்க இன்னொரு வேலை. ஊதியும் போகாததை மிக மென்மையான நீள மயிர்ப் பிரஷ்ஷால் தட்டிவிடலாம். ஒப்பனைக்குப் பயன்படுத்தும் பெரிய பவுடர் பிரஷ்ஷை இதற்கென்றே புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன்; பிடியின் உலோகப் பூண் பெட்டியில் பட்டுவிடாமல் இருக்க அதைச் சுற்றித் துணி டேப் ஒட்டியிருக்கிறேன்.

இதற்குப் பிறகுதான் துணி. மைக்ரோஃபைபர் துணியைப் பெட்டியின் மேல் விரித்து ஒரு முனையைப் பிடித்து இழுங்கள். துணியின் எடை மட்டும் போதும், கையின் எடை வேண்டாம். மேலிருந்து கீழாக, நேர்கோட்டில். ஒரு இழுப்புக்குப் பிறகு துணியைத் திருப்பிப் புது முகத்துக்கு மாற்றுங்கள். தூசியைத் தேய்த்து நகர்த்தக் கூடாது, தூக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் இதற்கு மேல் முக்கியமான வரி இல்லை.

இறகு டஸ்டர் பயன்படுத்தலாமா என்றால், மென்மையான நல்ல இறகாக இருந்தால் பரவாயில்லை. மலிவானதில் இறகு உதிர்ந்து தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்டு போடுகிற கோட்டை எந்தப் பாலிஷாலும் எளிதில் எடுக்க முடியாது.

மைக்ரோஃபைபர் என்று எழுதியிருக்கும் எந்தத் துணியும் போதுமா?

போதாது. பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்து நெய்து, ஒவ்வொரு இழையையும் பலவாகப் பிளந்திருப்பதுதான் நல்ல மைக்ரோஃபைபர். 80க்கு 20 அல்லது 70க்கு 30 என்று கலவை எழுதியிருக்கும். பிளந்த இழைகளின் இடுக்கில் தூசி ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சதுர மீட்டருக்கு 300 கிராமுக்கு மேல் எடையுள்ள, துண்டு போல இழைகள் உயர்ந்து நிற்கும் துணி இந்த வேலைக்கு ஏற்றது. தட்டையாக, மெல்லியதாக இருப்பதைச் சமையலறைக்கு அனுப்பிவிடலாம்.

துணியின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கெட்டி நைலான் நூலால் ஓரம் அடித்திருந்தால், துணியின் நடுப்பகுதி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அந்த ஓரம் கீறும். ஓரமே தைக்காமல் வெட்டியதுதான் நல்லது. துவைக்கும் முறை எழுதிய சின்ன லேபிள் தைத்திருந்தால் முதல் வேலையாக அதை அடியோடு பிரித்துவிடுங்கள்.

நாலாக மடித்தால் சுத்தமான எட்டு முகங்கள் கிடைக்கும். எட்டும் முடிந்தால் அடுத்த துணி. தரையில் விழுந்த துணி அன்றே பதவியிறக்கம் பெறுகிறது; உதறிவிட்டு மறுபடி பெட்டி மேல் வைப்பது கூடாது. துவைக்கும்போது பருத்தித் துணிகளோடு சேர்க்காதீர்கள், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணி மென்மையாக்கும் திரவமும் கூடாது, அது இழைகளில் படிந்து தூசி பிடிக்கும் குணத்தைக் கெடுத்துவிடும், பெட்டியிலும் எண்ணெய்த் தடம் விடும். அதிகச் சூட்டில் உலர்த்தினால் இழை சுருண்டு கெட்டியாகும்.

விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு?

ஒரே ஒரு ரேகை என்றால் அதன் மேல் 'ஹா' என்று மூச்சு விடுங்கள், மூக்குக் கண்ணாடிக்குச் செய்வது போல. மூச்சின் ஈரம் படிந்ததும் துணியால் ஒரு தொடு. நம்மிடம் உள்ள மிக மென்மையான துப்புரவுத் திரவம் இதுதான், காசும் இல்லை.

நிறைய ரேகைகள் இருந்தால் காய்ச்சி வடித்த நீர் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் நீரில் கரைந்திருக்கும் சுண்ணமும் உப்பும் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். நீரைத் துணியில் தெளியுங்கள், ஒருநாளும் பெட்டியில் நேராகத் தெளிக்காதீர்கள். வழிகிற ஒரு சொட்டு வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய வட்டம்) சட்டத்தின் இடுக்கிலோ அடிவிளிம்பிலோ இறங்கினால் எம்டிஎஃப் அதைக் குடித்துவிடும். ஊதிப்போன எம்டிஎஃப் பழைய நிலைக்குத் திரும்பாது, மேலே உள்ள லாக்கரும் அங்கே விண்டுவிடும்.

துணி ஈரமாக இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்குத்தான் ஈரம் வேண்டும். பிசுக்கு போகவில்லை என்றால் அரை லிட்டர் நீருக்கு ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். அந்தக் கலவையால் துடைத்த இடத்தை வெறும் நீர் தொட்ட துணியால் இன்னொரு தடவையும், உலர்ந்த துணியால் கடைசியாக ஒரு தடவையும் எடுத்துவிடுங்கள். உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் வைத்த ஸ்பீக்கர் என்றால் இந்த வேலைக்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே, ஆல்கஹால், வினிகர், இவற்றில் எது சரி?

தினசரி வேலைக்கு எதுவும் தேவையில்லை. கண்ணாடி ஸ்ப்ரேக்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கும். அக்ரிலிக் தகட்டில் அது பட்டால் நாளடைவில் உள்ளுக்குள் மயிரிழை வெடிப்பு வரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பாதிக்கு மேல் நீர் கலந்து, முழுதும் இறுகிய பாலியெஸ்டர் லாக்கரில் சட்டென்று தொட்டு எடுத்தால் ஒன்றும் ஆகாது. பாலிஷ் போட்டபின் அதன் எண்ணெயை எடுக்க நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் பழைய பெட்டிகளில் ஷெல்லாக் (அரக்கிலிருந்து எடுப்பது) பூச்சு இருந்தால் ஆல்கஹால் அதைக் கரைத்தே விடும், ஏனென்றால் ஷெல்லாக்கைக் கரைத்துப் பூசுவதே ஆல்கஹாலில்தான். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரிலும் அதை வைக்காதீர்கள். அசிட்டோன், தின்னர் பாட்டில்களை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

வினிகர் கண்ணாடிக்கும் குழாய்க்கும் நல்லது. இங்கே அதற்கு வேலையில்லை.

ஃபர்னிச்சர் பாலிஷ் ஸ்ப்ரே அடித்தால் புதுசு போலப் பளபளக்கிறதே?

பளபளக்கும், ஏனென்றால் அது சிலிக்கோனையோ எண்ணெயையோ ஒரு படலமாக மேலே பரப்புகிறது. கீறல்களை அந்தப் படலம் நிரப்புவதால் அன்றைக்கு அழகாக இருக்கும். மறுநாள் தூசி அதில் ஒட்டும். அதைத் துடைக்க மறுபடி ஸ்ப்ரே, மறுபடி ஒட்டு. சில மாதங்களில் மேகம் மூடியது போல ஆகிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு: பிற்காலத்தில் மூலையில் அடிபட்டு லாக்கர் ஒட்டுப்போட வேண்டி வந்தால், மிச்சமிருக்கும் சிலிக்கோன் புது லாக்கரை ஒட்டவிடாமல் மீன்கண் மாதிரிக் குழி குழியாக விலக்கும். பட்டறைக்காரர்கள் சிலிக்கோன் என்றாலே முகம் சுளிப்பது இதனால்தான்.

டூத்பேஸ்ட்? மேஜிக் ஸ்பஞ்ச்? டிஷ்யூ?

மூன்றும் வேண்டாம். டூத்பேஸ்ட்டில் இருப்பது பல்லுக்கு அளந்து சேர்த்த தேய்ப்புத்தூள், லாக்கருக்கு அல்ல. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும். மேஜிக் ஸ்பஞ்ச் எனப்படும் மெலமைன் நுரை பார்க்கத்தான் மெத்தென்று இருக்கும், வேலை செய்வது மிக நுண்ணிய உப்புத்தாள் போல; பளபளப்பில் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மங்கிப்போகும். டிஷ்யூ மரக்கூழ், அதன் நார் கீறும்.

துடைத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி தூசி. ஏன்?

நீங்கள் துடைத்ததுதான் காரணம். உலர்ந்த துணியால் பிளாஸ்டிக் போன்ற பரப்பைத் தேய்த்தால் நிலைமின்னூட்டம் ஏறும். சீப்பால் தலை வாரிவிட்டுக் காகிதத் துண்டை இழுத்து விளையாடியிருப்பீர்களே, அதே கதை. அறைக் காற்று வறண்டிருந்தால் இன்னும் மோசம். கடைசித் துடைப்பை உலர்ந்த துணியால் வேகமாகச் செய்யாமல், லேசாக ஈரம் பட்ட துணியால் மெதுவாக முடித்தால் மின்னூட்டம் பெரும்பாலும் இறங்கிவிடும். நிலைமின் தடுப்பு வசதி கொண்ட பிளாஸ்டிக் துப்புரவுத் திரவங்களும் உண்டு. நோவஸ் 1 அந்த வகை, அக்ரிலிக் தகட்டுக்கு நன்றாக வேலை செய்கிறது.

ட்வீட்டர், வூஃபர் பக்கத்தில் எப்படித் துடைப்பது?

பெட்டியைக் காப்பாற்றப் போய் ஸ்பீக்கரையே கெடுத்துக்கொள்ளும் இடம் இது. ட்வீட்டரின் (உயர்ந்த ஒலிக்கான சின்ன வட்டம்) குமிழைத் தொடவே தொடாதீர்கள். பட்டுக் குமிழ் என்றால் அதன் மேல் லேசாகப் பிசுபிசுக்கும் பூச்சு இருக்கும், துடைத்தால் பூச்சு போய் ஒலியும் மாறும். அலுமினியம், டைட்டானியம் குமிழ்கள் விரல் பட்டாலே நசுங்கும். பெரிலியம் குமிழ் முழுதாக இருக்கும்வரை ஆபத்தில்லை. உடைந்தால் அதன் தூள் மூச்சில் போவது நச்சு. அப்படி உடைந்தால் கை வைக்காமல் கையேட்டில் சொன்னபடி செய்யுங்கள்.

வூஃபரின் காகிதக் கோனில் ஈரம் ஆகாது. உலர்ந்த மென் பிரஷ்ஷால் நடுவிலிருந்து வெளியே ஒரு தட்டுத் தட்டினால் போதும். வேக்குவம் கிளீனரை அருகில் கொண்டுபோனால் நடுவே உள்ள தூசிமூடி உள்வாங்கிக் குழியாகும். அழுத்திய காற்று அடைத்த ஸ்ப்ரே டப்பாவிலும் கவனம். சாய்த்துப் பிடித்தால் உறைகிற மாதிரிச் சில்லென்ற திரவம் பீய்ச்சும், அது லாக்கரில் பட்டால் வெளுத்த திட்டு விழலாம்.

குமிழைச் சுற்றியுள்ள பெட்டிப் பரப்பைத் துடைக்கும்போது துணியை விரலில் சுற்றிக்கொண்டு, வெளியிலிருந்து உள்ளே போகாமல் உள்ளிருந்து வெளியே இழுங்கள். கை தவறினாலும் குமிழை விட்டு விலகித்தான் தவறும்.

கிரில்லை (முன்பக்கத்தை மூடும் சட்டம்) மாட்டி வைத்தால் முன்பலகை பத்திரம்தானே?

பாதி உண்மை. காந்தக் கிரில் உள்ள பெட்டிகளில், லாக்கருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காந்தம் கிரில் சட்டத்தைச் 'சடக்' என்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். இழுக்கும்போது சட்டம் அரை மில்லிமீட்டராவது வழுக்கும். நடுவே தூசி இருந்தால் சரியாகச் சட்டத்தின் வடிவில் ஒரு செவ்வகக் கோடு விழும். நண்பர் ஒருவர் வீட்டில் இதைப் பார்த்தேன். கிரில்லைக் கழற்றினால் முன்பலகையில் நான்கு மூலைகளிலும் மீசை மாதிரிக் குட்டிக் குட்டி வளைவுகள்! ஒவ்வொரு முறையும் மாட்டுமுன் சட்டத்தின் பின்விளிம்பையும் பலகையையும் ஊதி விடுங்கள். கழற்றும்போது பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராக உங்கள் பக்கம் இழுங்கள்.

கீறல் விழுந்தே விட்டது. பாலிஷ் போட்டால் போய்விடுமா?

முதலில் நகத்தால் மெதுவாகக் குறுக்கே தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது ஆழம். பாலிஷ் அதன் விளிம்பை மழுக்கிக் கொஞ்சம் மறைக்கும், எடுக்காது. நகம் வழுக்கிப் போனால், ஈர விரலால் அந்த இடத்தைத் தொடுங்கள். ஈரத்தில் கோடு மறைந்தால் மேலோட்டமான கீறல், நம்பிக்கை உண்டு.

அதற்கும் முன் ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். பாலிஷ் என்பது கீறலை நிரப்புவது அல்ல, கீறலைச் சுற்றியுள்ள உயரத்தைச் சீவிக் கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருவது. ஒவ்வொரு பாலிஷும் படலத்தின் தடிமனில் கொஞ்சத்தைத் தின்கிறது. கார் பட்டறையில் தடிமனை மைக்ரான் கணக்கில் அளந்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். அந்தச் சாதாரணக் கருவி இங்கே உதவாது, அது உலோகத்தின் மேலுள்ள பூச்சைத்தான் அளக்கும். ஸ்பீக்கரில் அடியில் இருப்பது மரநார்ப் பலகை. ஆகவே வீட்டில் பாலிஷ் போடுகிற எல்லோரும் ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்கள்தான், நான் உட்பட. விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, முகத்தைப் பத்து சென்டிமீட்டரில் கொண்டுபோய்த் தேடினால்தான் தெரிகிற கோடு என்றால் விட்டுவிடுங்கள். உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் இடத்திலிருந்து கண்ணை உறுத்துகிறதா? அப்போது மேலே படியுங்கள்.

வினைல் தாள் ஒட்டிய பெட்டிக்குப் பாலிஷ் வேண்டாம். அந்தத் தாளின் பளபளப்பு மேற்பரப்பில் மிக மெல்லிய அடுக்கு, அது போனால் போனதுதான்.

கையாலேயே பாலிஷ் போடுவது எப்படி?

முதலில் இடம். வெயில் படாத, மின்விசிறி நின்ற அறை. மோதிரம், கைக்கடிகாரம், வளையல் கழற்ற வேண்டும். பெல்ட் பக்கிளையும் மறந்துவிடாதீர்கள், குனிந்து வேலை செய்யும்போது அதுதான் பக்கப்பலகையில் உரசும். டிரைவர்கள் (வூஃபர் போல ஒலி எழுப்பும் பாகங்கள்), காற்று போகும் முன்துளை, லோகோ எல்லாவற்றையும் பெயின்டர் டேப்பால் மூடுங்கள். ட்வீட்டர் மேல் டேப் ஒட்டாதீர்கள், அதைத் தொடாமல் மேலே ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து, கிண்ணத்தை டேப்பால் பிடித்துவையுங்கள். டேப்பை இன்னொரு வேலைக்கும் பயன்படுத்துங்கள்: எல்லா விளிம்புகளிலும் மூலைகளிலும் ஒரு வரிசை ஒட்டிவிடுங்கள். விளிம்பில்தான் லாக்கர் மிக மெல்லியது, அழுத்தமும் அங்கேதான் குவியும். கறுப்பு தேய்ந்து பழுப்பு எட்டிப்பார்த்த பெட்டிகளில் பெரும்பாலும் விளிம்பில்தான் அது நடந்திருக்கும்.

பின்பலகையில் கண்ணுக்குப் படாத ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் முழு வேலையையும் ஒத்திகை பாருங்கள். ஒத்திகையில் துணியில் கறுப்பு வந்தால் பதற வேண்டாம், மேலே தெளிவான படலம் இல்லாமல் கறுப்பு லாக்கரே கடைசி அடுக்காக இருந்தால் அப்படித்தான் வரும். மர வண்ணம் தெரிகிற பளபளப்புப் பெட்டியில் துணியில் பழுப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள், தெளிவான படலத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

இனிப் பாலிஷ். மிக நுண்ணிய கடைசிப் பாலிஷ் வகையில் தொடங்குங்கள்; மெகுவையர்ஸ் எம்205 மாதிரி. பிளாஸ்டிக் உடம்புக்கு நோவஸ் 2. 'காம்பவுண்ட்' என்று எழுதிய கரடுமுரடானது வேண்டாம், நுண்ணியது தோற்றால் அப்போது யோசிக்கலாம். மென்மையான நுரை அப்ளிகேட்டரில் பயறு அளவு மூன்று சொட்டு. ஒரு தடவைக்கு முப்பது சென்டிமீட்டர் சதுரம் மட்டும். முதலில் அழுத்தாமல் பரப்பிவிட்டு, பிறகு குறுக்கும் நெடுக்குமாக, ஒரு தட்டைத் துடைக்கும் அளவு அழுத்தத்தில், மெதுவாக. ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் சூடு ஏறும். புறங்கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்புத் தெரிந்தால் கொஞ்சம் ஆறவிடுங்கள். பாலிஷ் பால்நிறம் போய்க் கண்ணாடித் திரை போல மெல்லியதானதும் நிறுத்திவிட்டு, காயும் முன் சுத்தமான மைக்ரோஃபைபரால் எடுத்துவிடுங்கள்.

இப்போது நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒரு முறை துடையுங்கள் (லாக்கர் பெட்டியில் மட்டும், அக்ரிலிக்கிலும் பிளாஸ்டிக்கிலும் நீரே போதும்). எண்ணெய் போனபின் டார்ச் அடித்துப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும். கோடுகள் பாதியாகக் குறைந்திருந்தால் இன்னொரு சுற்று. முழுதும் போக வேண்டும் என்று அடம்பிடித்தால் லாக்கர்தான் தோற்கும். மூன்றாவது சுற்றுக்குமேல் நான் போவதில்லை.

கோடுகள் போய், கறுப்பு மட்டும் லேசாகப் புகைபிடித்த மாதிரி மங்கியிருந்தால், பாலிஷ் அல்லது நுரை உங்கள் லாக்கருக்குக் கொஞ்சம் கரடு என்று அர்த்தம். இன்னும் மென்மையான நுரை எடுத்து, அதே பாலிஷை மிகக் குறைவாக வைத்து, அழுத்தமே இல்லாமல் ஒரு சுற்று வாருங்கள்.

மெஷினால் போடலாமா?

பெரிய தரைநிலை ஸ்பீக்கரின் பக்கப்பலகை மாதிரி அகலமான தட்டையான பரப்பு என்றால் ரேண்டம் ஆர்பிட்டல் மெஷின், மென்மையான நுரைப் பேட், குறைந்த வேகம். இந்த வகை மெஷின் சுற்றிக்கொண்டே அலைவதால் சூடு ஓரிடத்தில் சேராது. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினையோ துளைபோடும் டிரில்லில் பேட் மாட்டியதையோ கையில் எடுக்காதீர்கள். ரோட்டரி நல்ல கைகளில் அற்புதமான கருவி. அந்தக் கை வருவதற்குக் கெட்டுப்போன நாலு கார் கதவுகளாவது தேவை, அது உங்கள் ஸ்பீக்கராக இருக்க வேண்டாமே. பிளாஸ்டிக் உடம்புக்கு எந்த மெஷினும் வேண்டாம், சூட்டில் இளகிவிடும்.

பாலிஷ் போட்டதும் போன கோடுகள் ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிட்டன!

அவை போகவே இல்லை. சில பாலிஷ்களிலும் கிளேஸ் என்று விற்பவற்றிலும் நிரப்பு எண்ணெய் இருக்கும். கோட்டுக்குள் உட்கார்ந்து மறைத்துவிட்டு, நாலைந்து துடைப்பில் வெளியேறிவிடும். ஆல்கஹால் துடைப்பைத் தவிர்த்தால் இந்த ஏமாற்று தெரியாது. தப்பென்று சொல்லமாட்டேன், லாக்கர் மிக மெல்லிய பெட்டி என்றால் தேய்ப்பதைவிட வருடத்துக்கு இரண்டு முறை கிளேஸ் போட்டு மறைத்து வாழ்வதே புத்திசாலித்தனம்.

மேலே வாக்ஸ், செராமிக் பூச்சு போட வேண்டுமா?

அவசியம் இல்லை. கார்னாபா வாக்ஸ் மழைக்கும் வெயிலுக்கும் நடுவே நிற்கும் காருக்குப் பாதுகாப்பாகப் போடுவது. அறைக்குள் இருக்கும் பெட்டிக்கு அதனால் கிடைப்பது கொஞ்சம் வழுவழுப்பு, அந்த வழுவழுப்பால் துணி எளிதாகச் சறுக்கும், அவ்வளவே. போடுவதானால் தேய்ப்புத்தூள் இல்லாததாகப் பார்த்து, பூசியதே தெரியாத அளவு மெல்லியதாக. செராமிக் பூச்சு கீறலைத் தடுக்கும் என்று டப்பாவில் எழுதியிருப்பதை நம்பி அழுத்தித் துடைக்க ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். குவார்ட்ஸ் துகளுக்கு அந்த மெல்லிய படலம் ஒரு பொருட்டில்லை. பூச்சு சரியாகத் துடைக்கப்படாமல் இறுகிவிட்டால் திட்டை எடுக்க மறுபடி பாலிஷ்தான்.

ஸ்டிக்கர் பசை, ரப்பர் கால் பட்ட கறை?

ஸ்டிக்கரை ஹேர் டிரையரின் குறைந்த சூட்டில் இளக்கி, விரலால் தாழ்வாக மடக்கி இழுங்கள், பிளேடு வேண்டாம். மிச்சப் பசையை ஒயிட் ஸ்பிரிட் (மென்மையான பெட்ரோலியக் கரைப்பான்) தொட்ட துணியால் ஒத்தி எடுக்கலாம். இதையும் பின்பலகையில் சோதித்த பிறகே. புதுப் பெட்டியின் மேல் வரும் பாதுகாப்பு பிளாஸ்டிக் தாளை "இருக்கட்டுமே" என்று மாதக்கணக்கில் விட்டு வைத்தாலும் இதே பசைத் தொல்லை வரும்.

ரப்பர் கறை வேறு ரகம். ஸ்பீக்கர் மேல் வைத்த ஏதோ ஒரு சாதனத்தின் ரப்பர் காலிலிருந்து, அதை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்ச் சேர்மானம் லாக்கருக்குள் இறங்கி நாலு வட்டம் போட்டுவிடும். அது மேலே படிந்த அழுக்கு அல்ல, உள்ளே இறங்கிய நிறம், பெரும்பாலும் போகாது. பளபளப்புப் பெட்டியின் தலையில் எதையும் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் இடையில் சாயம் போகாத கம்பளி ஃபெல்ட் ஒரு துண்டு.

மூலையில் லாக்கர் சில்லு பெயர்ந்துவிட்டது.

அதற்குப் பாலிஷ் மருந்தல்ல. லாக்கர் விட்டு, காயவைத்து, மட்டப்படுத்தி, 2000, 3000 எண் உப்புத்தாளில் நீர்விட்டுத் தேய்த்துப் பளபளப்பேற்றும் வேலை. பியானோவுக்கு ஒட்டுப்போடுகிற கைவேலைக்காரர் கிடைத்தால் அவரிடம் விடுங்கள். பெயர்ந்த சில்லு கையில் கிடைத்திருந்தால் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் வைத்து அவரிடமே கொடுங்கள்.

வீடு மாற்றும்போது எப்படிக் கட்டுவது?

பெட்டி வந்த அட்டையும் நுரைக்கட்டிகளும் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். முதலில் பெட்டியை ஊதித் துடைத்துவிட்டு, உடன் வந்த துணிப் பையைப் போடுங்கள். பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி உதறிய பிறகு போடுவது நல்லது, அலமாரியில் கிடந்த இரண்டு வருடத் தூசி அதற்குள்தான் இருக்கும். காற்றுக்குமிழ் பிளாஸ்டிக்கை நேராகப் பளபளப்பின் மேல் சுற்றாதீர்கள். சூட்டில் வண்டியில் கிடந்தால் குமிழ் வட்டங்கள் அச்சாகப் பதியும். கைக்குப் பருத்தி உறை போட்டுக்கொண்டால் ரேகை விழாது, ஆனால் பருத்தி வழுக்கும். கனமான பெட்டியை இரண்டு பேராகத் தூக்கும்போது உள்ளங்கையில் ரப்பர்ப் புள்ளிகள் உள்ள உறையைத்தான் போடுவேன், அதையும் துணிப் பைக்கு மேலேதான் பிடிப்பேன்.